கெர்னல் கற்க எந்த வழி? எல்லா வழிகளிடமும் ஒரே கேள்வி

புரோகிராமர்களுக்குக் கெர்னல் (ஹார்டுவேரையும் புரோகிராம்களையும் நிர்வகிக்கும், ஓஎஸ்ஸின் மையப் பகுதி) மேல் ஆர்வம் வருவது பெரும்பாலும் ஏதாவதொரு கடுப்பில்தான். சர்வரின் லோட் ஆவரேஜ் 40-ஐத் தாண்டி நிற்கும், சிபியுவோ சும்மா இருக்கும். கன்டெய்னர் நடுராத்திரியில் செத்துப்போயிருக்கும், லாகில் ஓஓஎம் கில்லர் (மெமரி தீர்ந்தால் ஏதாவதொரு பிராசஸைக் கொல்லும் கெர்னல் பகுதி) வந்துபோன ஒரு வரி மட்டும் கிடக்கும். ஃபிரேம்வொர்க்கின் டாக்குமென்டேஷனை எவ்வளவு புரட்டினாலும் இதற்கெல்லாம் அதில் விடை இருக்காது. சரி, கீழே இறங்கித்தான் பார்ப்போமே என்று முடிவெடுத்தால் அடுத்த தலைவலி, எங்கிருந்து இறங்குவது என்பது.

விசாரித்தால் ஆளுக்கொரு வழி சொல்வார்கள். எம்பெடட் வேலையில் இருப்பவர் டிவைஸ் டிரைவர் எழுதச் சொல்வார். பாடம் நடத்துபவர் புத்தகத்தை நீட்டுவார். லினக்ஸ் சோர்ஸ் திறந்துதானே கிடக்கிறது, எடுத்துப் படி என்பார் இன்னொருவர். சொந்தமாக ஒரு ஓஎஸ் எழுதிப் பார்த்தால்தான் புரியும் என்பார் நான்காமவர். அவரவர் வந்த வழியை அவரவர் சொல்கிறார்கள், அதில் தப்பில்லை. ஆனால் இந்த வழிகள் ஒவ்வொன்றும் கற்றுத்தருவது வேறு வேறு விஷயத்தை. அதனால் எல்லா வழிகளிடமும் ஒரே கேள்வியைக் கேட்டு, எது எப்படிப் பதில் சொல்கிறது என்று பார்க்கலாம்.

கேள்வி இதுதான். ஒரே ஒரு சிபியு, இரண்டு பிராசஸ்கள். முதல் பிராசஸ் ஒரு ஃபார் லூப்பின் நடுவில் இருக்கிறது. அது எந்த சிஸ்டம் காலையும் (கெர்னலிடம் வேலை கேட்கும் அழைப்பு) கூப்பிடவில்லை, வழிவிடுகிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. ஆனாலும் கொஞ்ச நேரத்தில் இரண்டாவது பிராசஸ் ஓடிக்கொண்டிருக்கிறது. அப்புறம் முதலாவது மறுபடி ஓடுகிறது, விட்ட இடத்திலிருந்து, லூப் எண் ஒன்றுகூடப் பிசகாமல். இதைச் செய்தது யார், எந்த வரியில், எதையெல்லாம் எடுத்து வைத்து?

கான்டெக்ஸ்ட் ஸ்விட்ச் என்று இரண்டு சொல்லில் விடை சொல்லிவிடலாம். அந்தச் சொல் எல்லோருக்கும் தெரியும். அந்த வரியைக் காட்டச் சொன்னால்தான் திணறுவோம். இன்டரப்ட், ஸ்டாக், லாக், மெமரி எல்லாம் இந்த ஓர் இடத்தில் வந்து முட்டிக்கொள்வதால் இதைத் தேர்ந்தெடுத்தேன். கூடவே இன்னோர் அளவுகோலும் உண்டு: ஒரு வரியை மாற்றினால் அதன் விளைவைக் கண்ணால் பார்க்க எவ்வளவு நேரம் ஆகிறது? கெர்னலைப் படித்துப் புரிந்துகொண்டவர்களைவிடக் கெடுத்துப் புரிந்துகொண்டவர்களே அதிகம் என்பது என் கணிப்பு.

புத்தகத்தோடு நின்றால்

நம் ஊர் பொறியியல் கல்லூரிகளில் படித்தவர்களுக்கு, அட்டையில் டைனோசர் போட்ட அந்தத் தடிமனான புத்தகம் நினைவிருக்கும். நம் கேள்விக்கு அதில் ஒரு படம் இருக்கும்: இடப்பக்கம் ஒரு பிராசஸ், வலப்பக்கம் இன்னொன்று, நடுவில் நிலையைச் சேமி, நிலையை மீட்டெடு என்று பெட்டிகள். பரீட்சைக்கு அது போதும். கோட் எழுதுகிறவனுக்கு அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதுதானே கேள்வி? விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் எழுதி இலவசமாகத் தரும் 'ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ்: த்ரீ ஈஸி பீசஸ்' இதைவிட எவ்வளவோ மேல். ஒவ்வோர் அத்தியாயமும் சிறியது, ஏன் இப்படி வடிவமைத்தார்கள் என்ற காரணத்தோடு வருகிறது. இதைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். இதை மட்டும் வைத்துக்கொண்டு கெர்னல் கற்றேன் என்று சொல்ல முடியாது.

ஓடும் லினக்ஸை வேடிக்கை பார்ப்பது

இதைப் பலர் ஒரு வழியாகவே கணக்கில் எடுப்பதில்லை. கெர்னல் கோட் ஒரு வரிகூடப் படிக்காமல், உங்கள் லேப்டாப்பில் ஓடிக்கொண்டிருக்கும் லினக்ஸிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளும் வழி. ஓடுவதைக் கண்காணிக்கும் ஸ்ட்ரேஸ், பெர்ஃப், பிபிஎஃப்டிரேஸ் கட்டளைகள், பிராசஸ்களின் நிலையைக் காட்டும் /ப்ராக் டைரக்டரி, இவ்வளவுதான் கருவிகள்.

ஒன்றை மட்டும் நெருங்கிப் பார்ப்போம். சியில் 1 ஜிபிக்கு ஒரு மாலாக் (மெமரி கேட்கும் ஃபங்ஷன்) போடுங்கள். அடுத்த வரியில் புரோகிராமை நிறுத்தி வைத்து, /ப்ராக்கில் அந்த பிராசஸின் ஸ்டேட்டஸ் ஃபைலைத் திறந்து விஎம்சைஸ், விஎம்ஆர்எஸ்எஸ் என்ற இரண்டு வரிகளைப் பாருங்கள். முதலாவது 1 ஜிபி ஏறியிருக்கும். இரண்டாவது கிட்டத்தட்ட அசைந்திருக்காது. கெர்னல் 'தருகிறேன்' என்று ஒப்புக்கொண்டதே தவிர, ராமில் ஒன்றிரண்டு பேஜ் (கெர்னல் மெமரியைப் பிரித்துத் தரும் துண்டு, வழக்கமாக 4 கேபி) தவிர எதையும் இன்னும் தரவில்லை. இப்போது ஒவ்வொரு 4096 பைட்டுக்கும் ஒரு பைட் எழுதிக்கொண்டே போங்கள். பெர்ஃப் வைத்து பேஜ் ஃபால்ட்டுகளை (இன்னும் தராத பேஜைத் தொட்டதும் சிபியு கெர்னலைக் கூப்பிடுவது) எண்ணினால் ஏறத்தாழ 2,62,144 வரும். 1 ஜிபியை 4 கேபியால் வகுத்தால் வருகிற அதே எண். சில மெஷின்களில் 500 சொச்சம் மட்டும் வரலாம். பயப்பட வேண்டாம், அங்கே டிரான்ஸ்பரன்ட் ஹியூஜ் பேஜ் ஆன் ஆகியிருக்கிறது. 2 எம்பி பேஜ்களாக எடுத்தால் 512 தான் வரும். நடுராத்திரியில் கன்டெய்னர் செத்த கதை பாதி இங்கேயே விளங்கிவிடும். கேட்டபோது கொடுக்கிறேன் என்றவர், தொட்டபோது கையில் இல்லாமல் யாரையாவது கொல்ல வேண்டிய நிலைக்கு வருகிறார்.

நம் கேள்விக்கு இந்த வழி என்ன சொல்கிறது? அதே ஸ்டேட்டஸ் ஃபைலின் கடைசியில், தானாக விட்டுக்கொடுத்த ஸ்விட்ச் எத்தனை, பிடுங்கப்பட்டது எத்தனை என்று இரண்டு எண்ணிக்கைகள் இருக்கும். வெறும் லூப் போடும் இரண்டு புரோகிராம்களை டாஸ்க்செட் வைத்து ஒரே கோரில் கட்டிப்போட்டால், பிடுங்கப்பட்ட எண்ணிக்கை கடகடவென்று ஏறும். ஸ்லீப் போடும் புரோகிராமுக்கு மற்றது ஏறும். ஆக, பிடுங்கல் நடக்கிறது என்பது உறுதி. எப்படி நடக்கிறது என்பது மட்டும் தெரியாது.

ஆனாலும் பேக்எண்ட் வேலை பார்ப்பவருக்கு உடனடிப் பலன் தருவது இதுதான். லோட் ஆவரேஜ் 40 புதிருக்கும் விடை இங்கேதான்: லினக்ஸ் அந்த எண்ணில் ஓடத் தயாராக நிற்பவர்களை மட்டுமல்லாமல், டிஸ்க்குக்காகவோ நெட்வொர்க் ஃபைல்சிஸ்டத்துக்காகவோ எழுப்ப முடியாத தூக்கத்தில் இருப்பவர்களையும் சேர்த்தே கணக்கிடுகிறது. பிஎஸ் கட்டளையில் டி என்ற எழுத்தோடு வருபவர்கள் இவர்கள்தான்.

லினக்ஸ் சோர்ஸைத் திறந்து படிப்பது

1991 செப்டம்பரில் வந்த லினக்ஸ் 0.01 சுமார் 10,000 வரிகள். இன்றைய லினக்ஸ் 3 கோடி வரிகளைத் தாண்டிவிட்டது. இதில் பாதிக்கு மேல் டிரைவர்கள், அதைக் கழித்துவிடலாம் என்பார்கள். கழித்தாலும் மிச்சமிருப்பது ஒரு ஆயுள் காலத்துக்கான வாசிப்பு.

அளவு மட்டும் சிக்கல் இல்லை. நம் கேள்வியோடு உள்ளே போனால் கெர்னல்/ஷெட்/கோர்.சி என்ற ஃபைலில் ஷெட்யூல் ஃபங்ஷன் கிடைக்கும். அங்கிருந்து கான்டெக்ஸ்ட் ஸ்விட்ச் என்ற ஃபங்ஷன், அதிலிருந்து ஸ்விட்ச் டூ என்ற மேக்ரோ, அப்புறம் எக்ஸ்86 டைரக்டரிக்குள் ஒரு அசெம்பிளி ஃபைல். அந்த அசெம்பிளியில் ஆறு ரிஜிஸ்டர்களை (சிபியுவுக்குள்ளேயே இருக்கும் குட்டி சேமிப்பிடங்கள்) ஸ்டாக்கில் தள்ளி, ஸ்டாக் பாயின்டரை மாற்றி, ஆறையும் மறுபடி எடுக்கிறார்கள். விஷயம் அவ்வளவுதான். ஆனால் அங்கே போய்ச் சேர்வதற்குள் ஆர்சியு, ஒவ்வொரு சிபியுவுக்கும் தனி ரன்கியூ, பிரீஎம்ஷன் கணக்கு, 2018-ல் வெளிவந்த ஸ்பெக்டர் ஓட்டைக்காகச் சேர்த்த காப்பு வேலைகள் என்று வழியெல்லாம் இடறும். ஒவ்வொன்றும் நியாயமான காரணத்தோடு அங்கே இருக்கிறது. புதிதாக வருபவருக்கு எது எலும்பு, எது கட்டு என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது.

இன்னொன்று, தரை நகர்ந்துகொண்டே இருக்கும். அடுத்து யாரை ஓட்டுவது என்று தீர்மானிக்கும் பகுதியாக 2007-ல் வந்த சிஎஃப்எஸ் ஷெட்யூலரைப் பற்றி எக்கச்சக்கமான விளக்கங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. 2023-ல் 6.6 பதிப்பில் அதன் இடத்துக்கு ஈஈவிடிஎஃப் வந்துவிட்டது. பழைய விளக்கத்தையும் புதிய கோடையும் பக்கம் பக்கமாக வைத்துப் படித்தால் குழப்பம்தான் மிஞ்சும். மாற்றிப் பார்க்கலாம் என்றால், முழு டிஸ்ட்ரோ கான்ஃபிகோடு பில்ட் செய்ய சாதாரண லேப்டாப்பில் ஒரு மணி நேரம்கூட ஆகும். குட்டி கான்ஃபிக் போட்டு க்யூஎம்யு என்ற மெஷின் எமுலேட்டரில் ஓட்டினால் சில நிமிடங்களில் முடியும். அந்தக் குட்டி கான்ஃபிகைச் சரியாக அமைக்கவே கொஞ்சம் அனுபவம் வேண்டும்.

லினக்ஸ் சோர்ஸை ஒதுக்கச் சொல்லவில்லை. முதல் ஃபைலிலிருந்து படிக்கிறேன் என்று உட்காரக் கூடாது, அவ்வளவுதான். கையில் ஒரு குறிப்பான கேள்வி இருக்கும்போது, பூட்லின் நிறுவனம் நடத்தும் எலிக்சர் தளத்தில் போய், பெயரைச் சொடுக்கிச் சொடுக்கிப் பின்தொடர்ந்து, விடை கிடைத்ததும் மூடிவிட வேண்டும்.

கெர்னல் மாட்யூல், டிரைவர்

வேலைக்காகக் கற்பவர்களுக்கு இது நேர்வழி. எம்பெடட் லினக்ஸ் நேர்காணல்களில் கேரக்டர் டிவைஸ் டிரைவர் எழுதத் தெரியுமா, டிவைஸ் ட்ரீ தெரியுமா என்றுதான் கேட்பார்கள். நாலு வரி மாட்யூல் (ஓடும் கெர்னலோடு சேர்க்கும் கோட்) எழுதி இன்ஸ்மாட் போட்டு, டிமெஸ்ஜியில் (கெர்னலின் செய்திப் பதிவு) நம் செய்தி வந்ததும் கிடைக்கும் மகிழ்ச்சியும் தனிதான். மேக், இன்ஸ்மாட், ஆர்எம்மாட் என்று மாற்றிப் பார்க்க ஆகும் நேரமும் குறைவு.

ஒரு எச்சரிக்கை. டிரைவர் எழுதுவதற்கான பிரபலமான பாடங்கள் பல 2.6 காலத்தவை. அதை அப்படியே அடித்தால் கம்பைல் ஆகாது. /ப்ராக்கில் ஃபைல் உருவாக்கும் முறை 5.6 பதிப்பில் மாறியது. கிளாஸ் உருவாக்கும் ஃபங்ஷனுக்கு ஒரு ஆர்குமென்ட் 6.4-ல் காணாமல் போனது. லினக்ஸ், யூசர் புரோகிராம்களுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றும். கெர்னலுக்கு உள்ளே இருப்பவர்களுக்கு அப்படி எந்த வாக்கும் கொடுத்ததில்லை. பாடத்தின் தேதியைப் பார்த்துவிட்டு ஆரம்பிப்பது நல்லது. எல்லாவற்றையும் ஒரு விர்ச்சுவல் மெஷினுக்குள் செய்யுங்கள். ஒரு தப்பான பாயின்டர் போதும், மொத்த மெஷினும் உறைந்துவிடும்.

நம் கேள்விக்கு டிரைவர் வழி தரும் பதில் கொஞ்சம் சுற்றுவழியானது. ஸ்பின்லாக்கை (கிடைக்கும்வரை சிபியு சுற்றிக்கொண்டே காத்திருக்கும் பூட்டு) பிடித்துக்கொண்டே தூங்கப் போகும் ஒரு மாட்யூலை வேண்டுமென்றே எழுதினால், 'ஷெட்யூலிங் வைல் அட்டாமிக்' என்று கெர்னல் கத்தும். ஸ்விட்ச் செய்யக் கூடாத நேரம் என்று ஒன்று இருக்கிறது என்பது அப்போது உறைக்கும். ஏன் கூடாது என்பது உறைக்காது. டிரைவர் என்பது கெர்னல் என்ற வீட்டில் வாடகைக்கு இருப்பது. ஓனர் போட்ட விதிகள் எல்லாம் தெரிந்துவிடும், சுவருக்குள் ஒயர் எப்படிப் போகிறது என்று தெரியாது.

எக்ஸ்வி6

இது எம்ஐடி பாடத்துக்காக எழுதிய குட்டி கெர்னல். என் ஓட்டு இதற்குத்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1975-ல் வந்த யுனிக்ஸ் ஆறாம் பதிப்பை ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் லயன்ஸ் மாணவர்களுக்கு வரிக்கு வரி விளக்கிப் பாடமாக்கினார். அடுத்த பதிப்பின் லைசென்ஸ் சோர்ஸை வகுப்பில் பயன்படுத்துவதைத் தடுத்துவிட, அவருடைய உரை பல வருடங்கள் ஜெராக்ஸ் பிரதியாகவே கைமாறிக்கொண்டிருந்தது. ஒரு முழு கெர்னலை ஒரு மனிதர் முழுதாகப் படித்து முடிக்க முடியும் என்ற அந்தச் சிந்தனையைத்தான் எம்ஐடி 2006-ல் மறுபடி கையில் எடுத்தது. ஆறாம் பதிப்பின் அமைப்பை இன்றைய சியில் புதிதாக எழுதி, ஒன்றுக்கு மேற்பட்ட கோர்களில் ஓடும்படி செய்தார்கள். முதலில் எக்ஸ்86-க்கு இருந்தது, 2019 வாக்கில் ரிஸ்க்-ஃபைவுக்கு மாறியது. ஐஐடி மெட்ராஸின் சக்தி பிராசசர்கள் பின்பற்றுவதும் இதே ரிஸ்க்-ஃபைவ் இன்ஸ்ட்ரக்‌ஷன் செட்தான். ஆனால் கற்பதற்கு போர்டு எதுவும் வாங்க வேண்டாம், க்யூஎம்யு போதும். மொத்தக் கோடும் 10,000 வரிகளுக்குள் அடங்கும்.

கேள்வியோடு உள்ளே போவோம். டைமர் விநாடிக்கு ஏறத்தாழ 10 முறை அடிக்கிறது. லூப்பில் இருக்கும் பிராசஸ் சம்மதித்தாலும் சம்மதிக்காவிட்டாலும், சிபியு அதை விட்டுவிட்டு டிராம்ப்போலின் என்ற அசெம்பிளி ஃபைலில் உள்ள வரிக்குத் தாவுகிறது. அங்கே 31 ரிஜிஸ்டர்களும் டிராப்ஃபிரேம் என்ற இடத்தில் எழுதப்படுகின்றன. நம் லூப் எண் ரிஜிஸ்டரில் இருந்தால் அது பத்திரமாகத் தங்குவது இங்கேதான். அப்புறம் பேஜ் டேபிளே மாறுகிறது. கோட் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் காலடியில் உள்ள முகவரி வரைபடத்தை மாற்றினால் அடுத்த இன்ஸ்ட்ரக்‌ஷனை சிபியு எங்கிருந்து எடுக்கும்? அதற்காகத்தான் அந்த ஒரு பேஜை மட்டும் யூசர் டேபிளிலும் கெர்னல் டேபிளிலும் ஒரே முகவரியில் வைத்திருக்கிறார்கள். இதைப் படித்து, ஒரு பேப்பரில் வரைந்து பார்த்து, ஓ என்று சொல்லும்வரை அடுத்த ஃபைலுக்குப் போக வேண்டாம்.

அங்கிருந்து யூசர்டிராப் என்ற சி ஃபங்ஷன், வந்தது டைமர் என்று தெரிந்ததும் ஈல்ட், அது ஷெட், அது ஸ்விட்ச். இந்த ஸ்விட்ச் ஓர் அசெம்பிளி ஃபைல். 14 ரிஜிஸ்டர்களை மெமரியில் எழுதுகிறது, வேறோர் இடத்திலிருந்து 14 ரிஜிஸ்டர்களை எடுக்கிறது, ரெட் என்று திரும்புகிறது. அவ்வளவுதான் கான்டெக்ஸ்ட் ஸ்விட்ச். 29 இன்ஸ்ட்ரக்‌ஷன்.

இங்கே இரண்டு கேள்விகள் தானாக எழும். முதலில் 31-ஐச் சேமித்தோமே, இப்போது ஏன் 14 மட்டும்? ஏனென்றால் இங்கே சேமிப்பது வேறொன்றை. 31 என்பது யூசர் புரோகிராமின் நிலை. அது எந்த இன்ஸ்ட்ரக்‌ஷனின் நடுவில் வேண்டுமானாலும் பிடுங்கப்பட்டிருக்கலாம், அதனால் ஒன்றையும் விட முடியாது. 14 என்பது கெர்னலுக்குள் அந்த பிராசஸுக்காக ஓடிக்கொண்டிருந்த சி கோடின் நிலை. அது ஒரு ஃபங்ஷனைக் கூப்பிட்டுத்தான் இங்கே வந்திருக்கிறது. மற்ற ரிஜிஸ்டர்களில் தேவையானதைக் கம்பைலர் ஏற்கெனவே ஸ்டாக்கில் வைத்திருக்கும். ஆக, நம் ஒரு கேள்விக்குள் இரண்டு சேமிப்புகள் ஒளிந்திருக்கின்றன. பாடப்புத்தகப் படத்தில் 'நிலையைச் சேமி' என்றிருந்த பெட்டி இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பியிருந்தது.

அடுத்தது, புரோகிராம் கவுன்டரை எங்கே சேமித்தார்கள்? ஸ்விட்ச் அதைத் தனியாகச் சேமிப்பதே இல்லை. ஆர்ஏ என்ற ரிஜிஸ்டரில் திரும்பிப்போக வேண்டிய முகவரி இருக்கிறது. அதையே மாற்றிவிட்டு ரெட் போட்டால், கூப்பிட்டவரிடம் திரும்பாமல், முன்பு எப்போதோ இதே ஃபங்ஷனைக் கூப்பிட்டுவிட்டுக் காத்திருக்கும் இன்னொருவரிடம் போய் இறங்கும். உள்ளே போனவர் ஒருவர், வெளியே வருபவர் வேறொருவர்.

பதில் கிடைத்ததா? கிடைத்தது, வரி எண்ணோடு. இனிமேல் கெடுக்கலாம். ஸ்விட்ச் ஃபைலில் ஏதாவது ஒரு ரிஜிஸ்டரைச் சேமிக்கும் வரியை நீக்கிவிட்டு மேக் க்யூஎம்யு அடியுங்கள். சில விநாடிகளில் பில்ட் முடியும். எங்கே உடையும் என்று ஊகித்துவிட்டு ஓட்டுங்கள். ஊகம் தவறும்போதுதான் பாடம். ஷெட் ஃபங்ஷனுக்குள் 'ஷெட் லாக்ஸ்' என்று ஒரு பேனிக் வரி இருக்கும். டிரைவர் வழியில் லினக்ஸ் கத்தியதே, அதே விதியின் குட்டி வடிவம்: தன் பிராசஸின் லாக்கைத் தவிர வேறெந்த ஸ்பின்லாக்கையும் பிடித்துக்கொண்டு யாரும் ஸ்விட்சுக்குள் போகக் கூடாது. அந்த ஒரு விதிவிலக்கு லாக்கும் விசித்திரமானது. பிடிப்பவர் ஒருவர், ஸ்விட்சைத் தாண்டி அந்தப் பக்கம் விடுபவர் இன்னொருவர். ஏன் அப்படி என்று புரிந்தால், இன்னொரு கோர் அந்த பிராசஸைப் பாதியில் கவ்விக்கொள்ளும் ஆபத்தும் புரியும்.

நடைமுறைக்கு ஒரு துணுக்கு: மேக்ஃபைலில் கோர்களின் எண்ணிக்கை 3 என்று இருக்கும். ஆரம்பத்தில் சிபியூஸ்=1 என்று கொடுத்து ஓட்டினால் ஜிடிபி டீபக்கரில் தொடர்வது எளிது. லாக் பாடங்களுக்கு வரும்போது மறுபடி 3 ஆக்குங்கள். க்யூஎம்யுவிலிருந்து வெளியேறக் கன்ட்ரோலையும் ஏ-வையும் அழுத்திவிட்டு எக்ஸ்.

குறைகள் நிறைய. ஒரு ஃபைல் 268 கேபிக்கு மேல் போகாது: 12 நேரடி பிளாக், 256 மறைமுக பிளாக், பிளாக் ஒன்றுக்கு 1 கேபி. யூசர், பர்மிஷன் என்று எதுவும் கிடையாது. சிக்னல் இல்லை, ஸ்வாப் இல்லை. அடுத்து யாரை ஓட்டுவது என்று தேட 64 இடங்கள் உள்ள வரிசையை முதலிலிருந்து கடைசிவரை நடந்துபோகிறது. வேகம், அளவு, ஆயிரம் கோர் பிரச்சினைகள் பற்றி இது எதுவும் சொல்லித்தராது. எம்ஐடி வகுப்பின் லேப் பயிற்சிகள் இந்தக் குறைகளில் சிலவற்றையே வீட்டுப்பாடமாக ஆக்கியிருக்கின்றன: பெரிய ஃபைல்களைச் சேர், ஃபோர்க்கில் காப்பி ஆன் ரைட் (எழுதும்போது மட்டும் பேஜைப் பிரதியெடுப்பது) கொண்டுவா, எம்மேப் (ஃபைலை மெமரியோடு இணைப்பது) எழுது. காப்பி ஆன் ரைட் பயிற்சியை மட்டுமாவது விடாதீர்கள். மாலாக் சோதனையில் வெளியிலிருந்து பார்த்த பேஜ் ஃபால்ட்டை இதில் உள்ளிருந்து நீங்களே கையாளுவீர்கள்.

சொந்த ஓஎஸ்

இந்த வழிக்கு ஒரு கவர்ச்சி உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் பழைய பிசியில் பயாஸிலிருந்து ஆரம்பிக்கும் பாடத்தை எடுத்தால், நீண்ட காலத்துக்கு நீங்கள் கற்பது கெர்னலை அல்ல, ஐபிஎம் பிசியின் வரலாற்றை. 512 பைட்டுக்குள் பூட் செக்டர். 16 பிட் மோடு. 8086-ல் 20 முகவரிக் கம்பிகளே இருந்ததால் 1 எம்பிக்கு மேல் போனால் முகவரி சுற்றிக்கொண்டு பூஜ்யத்துக்கு வரும். அதை நம்பி எழுதிய புரோகிராம்களுக்காக 1984-ல் வந்த பிசி ஏடியில் 21-ஆவது கம்பியைக் கீபோர்டு கன்ட்ரோலர் வழியாகத் திறந்து மூடும்படி வைத்தார்கள். ஏ20 என்று பெயர். அதையும் கடந்து இன்டரப்டைத் திறந்தால் டைமரின் முதல் அடியிலேயே டபுள் ஃபால்ட் வந்தது போலத் தெரியும். பயாஸ் டைமருக்குக் கொடுத்திருக்கும் எண் 8, இன்டெல் டபுள் ஃபால்ட்டுக்கு ஒதுக்கிய எண்ணும் 8. இன்டரப்ட் கன்ட்ரோலரின் எண்களை நாமே நகர்த்தி வைக்க வேண்டும். சுவாரசியமான தகவல்கள்தான், ஆனால் நம் கேள்வி இன்னும் தூரத்திலேயே நிற்கிறது. பலர் ஸ்கிரீனில் எழுத்து வரவழைத்து, கீபோர்டை இயக்கி, அதோடு நின்றுவிடுகிறார்கள்.

ரிஸ்க்-ஃபைவில் ஆரம்பித்தால் இந்தச் சுமை பெரும்பாலும் இல்லை. க்யூஎம்யுவின் விர்ட் மெஷினில் ஒரு குறிப்பிட்ட முகவரியில் ஒரு பைட் எழுதினால் அந்த எழுத்து டெர்மினலில் வந்துவிடும். ஆயிரம் வரிகளுக்குள் பேஜ் டேபிள், பிராசஸ், ஷெல் வரை கொண்டுபோகும் இலவச வழிகாட்டிகூட இருக்கிறது. கான்டெக்ஸ்ட் ஸ்விட்சை நீங்களே அடித்து எழுதுவீர்கள். நம் கேள்விக்கு இதைவிட ஆழமான பதில் எந்த வழியிலும் கிடையாது. என் தயக்கம் ஒன்றுதான்: தப்பாக எழுதியதும் தற்செயலாக ஓடிவிடும். ஒரே கோரில், லாக் இல்லாமல், எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும். சரியாக எழுதிய ஒன்றை முதலில் படித்தவருக்குத்தான் தன் கோடில் எது குறைகிறது என்று தெரியும். எக்ஸ்வி6-க்குப் பிறகு என்றால் தாராளமாக இறங்கலாம்.

மினிக்ஸையும் சிலர் சொல்வார்கள். டேனன்பாம் 1987-ல் பாடத்துக்காக எழுதியது, லினஸ் லினக்ஸை ஆரம்பித்ததும் அதை வைத்துக்கொண்டுதான். மைக்ரோகெர்னல் அமைப்பைப் பார்க்க வேண்டும் என்றால் நல்லது. முதல் கெர்னலாக இன்று பரிந்துரைக்க மாட்டேன். மினிக்ஸ் 3-இல் வேலை நின்று பல வருடமாகிறது, கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஆள் கிடைப்பது சிரமம்.

யாருக்கு எது

வெப் சர்வீஸ், டேட்டாபேஸ் என்று வேலை பார்ப்பவர் என்றால், வேடிக்கை பார்க்கும் வழியில் ஆரம்பித்து எக்ஸ்வி6-க்கு வாருங்கள். சிஸ்டம் கால், பேஜ் டேபிள், டிராப், காப்பி ஆன் ரைட், லாக் வரை செய்தால் போதும். ஃபைல்சிஸ்டம் பகுதியைப் படித்தால் மட்டும் போதும், எழுத வேண்டாம். டேட்டாபேஸ் ஆட்கள் மட்டும் அதில் லாகிங் (பூட்டு அல்ல, மாற்றங்களை முதலில் ஒரு பதிவில் எழுதி வைப்பது) பகுதியை விடாதீர்கள், ஒவ்வொரு பிளாக்கையும் ஏன் இரண்டு முறை எழுதுகிறது என்பது உங்கள் ஊர்க் கதை.

கல்லூரி மாணவருக்கு நேரம் இருக்கிறது, எல்லா லேப்களையும் செய்யலாம். நெட்டில் கிடக்கும் விடைகளை மட்டும் பார்க்காதீர்கள். பார்த்தால் செய்வதில் அர்த்தமே இல்லை.

டிரைவர் வேலை இன்னும் மூன்று மாதத்தில் வேண்டும் என்றால் மாட்யூல் வழிதான். அதற்கு எதிராக நான் வாதாட மாட்டேன். வேலை கிடைத்த பின் டிராம்ப்போலினையும் ஸ்விட்சையும் மட்டுமாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை படியுங்கள்.

எக்ஸ்வி6-ஐ முடித்தவர் லினக்ஸுக்குத் திரும்பும்போது, முன்பு மிரட்டிய அதே அசெம்பிளி ஃபைலைத் திறக்கலாம். ஆறு புஷ், ஸ்டாக் மாற்றம், ஆறு பாப்: பழகிய முகமாக இருக்கும். கூடவே ஸ்விட்ச் டூ மேக்ரோவைப் பாருங்கள். விடைபெறுபவர், வருபவர் என்று இரண்டு ஆர்குமென்ட் போதாதா, ஏன் மூன்று? ஒரு பிராசஸ் மறுபடி ஓட வரும்போது, அதன் ஸ்டாக்கில் இருப்பது அது போனபோதிருந்த பழைய தகவல். தனக்குச் சற்று முன்பு ஓடியவர் யார் என்று அந்த ஸ்டாக்குக்குத் தெரியாது. அதைச் சொல்லித்தான் மூன்றாவது. எக்ஸ்வி6-க்கு ஏன் இது தேவைப்படவில்லை என்று யோசித்துப் பாருங்கள். அது ஒவ்வொரு முறையும் நடுவில் ஷெட்யூலரிடம் போய்த்தான் அடுத்தவரிடம் போகிறது.

கடைசியாக ஒரு கவனம். ஐஐடி பேராசிரியர்கள் எக்ஸ்வி6-ஐ வைத்து நடத்திய நல்ல வகுப்புகள் என்பிடெல்லிலும் யூடியூபிலும் கிடைக்கின்றன. அவற்றில் பழையவை எக்ஸ்86 பதிப்பை வைத்து நடத்தியவை. அதில் டிராம்ப்போலினும் இல்லை, 14 ரிஜிஸ்டரும் இல்லை. வீடியோவோடு போவதென்றால் எக்ஸ்86 பதிப்பையே டவுன்லோடு செய்துகொள்ளுங்கள். எம்ஐடி லேப்களைச் செய்வதென்றால் ரிஸ்க்-ஃபைவ் பதிப்பையும் அதற்கான கையேட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் கலந்தால் முதல் வாரத்திலேயே வெறுத்துப்போகும்.